புது இதயம்... பழைய எலும்பு!

1947, ஜூன் மாதம். அமெரிக்காவின் ஷெவர்லே கம்பெனி ஒரு புதிய பிக்கப் டிரக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 'அட்வான்ஸ் டிசைன்' என்று பெயர். உருண்டு திரண்ட பானட், பெரிய கண்களாக இரண்டு ஹெட்லைட்... உலகப்போர் முடிந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பிய அமெரிக்க விவசாயிக்கு அதுதான் மாட்டுவண்டி! வைக்கோல் கட்டு, உர மூட்டை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் குடும்பம் எல்லாமே அதில்தான்.

உள்ளே இருந்தது 216 கன அங்குல இன்ஜின். நம் கணக்கில் சுமார் மூன்றரை லிட்டர். ஆறு சிலிண்டர், 90 குதிரைசக்தி. முரட்டு உழைப்பாளிதான். ஆனால், கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கு பம்ப் மூலம் முழு அழுத்தத்தில் ஆயில் போகாது. ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்ன உறுப்பு, சுற்றும்போது ஆயிலை வாங்கிக்கொள்ளும். கிராமத்து ரோட்டில் நிதானமாகப் போக அது போதும்.

போதாமல் போனது எப்போது? 1956-ல் ஜனாதிபதி ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 41,000 மைலுக்கு நெடுஞ்சாலை! ரோடு மாறிவிட்டது. டிரக் மாறவில்லை. அதன் பின் ஆக்ஸில் விகிதம் 4.11. அதாவது, சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நாலு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். மணிக்கு 100 கி.மீ. போனால் இன்ஜின் நிமிடத்துக்கு சுமார் 3,000 சுற்று! நாள் முழுக்க அப்படி ஓட்டினால் 'கரண்டி ஆயில்' பேரிங் என்னத்துக்கு ஆகும்?

'இன்ஜினையே மாத்திட்டா என்ன?' என்று தோன்றுவது சகஜம்தானே! அது புது யோசனையும் அல்ல. 1932-ல் ஃபோர்டு மலிவு விலை வி-8 இன்ஜினைக் கொண்டுவந்த பிறகு, கலிஃபோர்னியா இளைஞர்கள் அதைப் பழைய ஃபோர்டு கார்களில் பொருத்தி, வறண்ட ஏரிப் படுகைகளில் ரேஸ் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

1955-ல் ஆட்டமே மாறியது. எட் கோல் என்ற தலைமை இன்ஜினீயரின் குழு, ஷெவர்லேக்காக ஒரு சின்ன வி-8 செய்தது. 265 கன அங்குலம், 162 குதிரைசக்தி. அதே கம்பெனியின் ஆறு சிலிண்டர் இன்ஜினைவிட எடையும் குறைவு! 'ஸ்மால் பிளாக்' என்று பெயர் வாங்கிய இந்தக் குடும்பத்தில், 2011-க்குள் பத்துக் கோடி இன்ஜின்கள் பிறந்துவிட்டன. 1967-ல் வந்த 350 கன அங்குலப் பிள்ளைதான் பழைய கார் மார்க்கெட்டில் சூப்பர் ஸ்டார். உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். எந்த மெக்கானிக்குக்கும் அத்துப்படி.

சரி, 350-ஐத் தூக்கி வைத்தாச்சு. வேலை முடிந்ததா? இனிமேல்தான் ஆரம்பம்!

பழைய பிக்கப்பில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு மூடிய குழாய்க்குள் இருக்கும். முன்பக்கம் கியர் பாக்ஸோடும், பின்பக்கம் ஆக்ஸிலோடும் அந்தக் குழாய் பிணைந்திருக்கும். கியர் பாக்ஸை மாற்றினால் ஆக்ஸிலும் மாற வேண்டும். கரன்ட் 6 வோல்ட். அதை 12 ஆக்க வேண்டும். பிரேக்கோ நாலு சக்கரத்திலும் டிரம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஹைட்ராலிக் பாதை. ஒரு இடத்தில் கசிந்தால் நாலும் போச்சு! 90 குதிரையை நிறுத்தவே திணறுகிற பிரேக்கிடம், 250 குதிரையைப் பிடித்து நிறுத்து என்றால்?

அதனால் விஷயம் தெரிந்தவர்கள் கியர் பாக்ஸிலிருந்துதான் யோசிக்க ஆரம்பிப்பார்கள். 1973 எண்ணெய் நெருக்கடி பெட்ரோலின் அருமையைப் புரியவைத்தது. 1982-ல் ஜெனரல் மோட்டார்ஸ் '700 ஆர்4' என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக்கை அறிமுகப்படுத்தியது. முதல் கியர் 3.06, மூட்டையோடு கிளம்ப வலு தரும். நாலாவது 0.70, அதே 100 கி.மீ. வேகத்தில், 3,000 சுற்று 2,100-க்கு இறங்கிவிடும்! ஒரே ஒரு எச்சரிக்கை. கார்புரேட்டரிலிருந்து இந்தப் பெட்டிக்கு ஒரு மெல்லிய கேபிள் போகும். அதை அளவு தப்பிப் பொருத்தினால், உள்ளே அழுத்தம் குறைந்து கிளட்ச் தகடுகள் கருகிவிடும்.

இன்னும் நவீனமாக வேண்டுமென்றால், 1999-லிருந்து ஷெவர்லே டிரக்குகளில் வந்த 5.3 லிட்டர் வி-8 உண்டு. அதற்குக் கம்ப்யூட்டர், வயரிங், அதிக அழுத்த பெட்ரோல் பம்ப் எல்லாம் கூடவே வேண்டும். மாப்பிள்ளையோடு மொத்தக் குடும்பமும் வந்து இறங்குகிற கதை!

'நான் பக்கத்து ஊரைத் தாண்ட மாட்டேன்' என்பவருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு? 1954-ல் ஷெவர்லே டிரக்குகளிலேயே முழு அழுத்த ஆயில் வசதியோடு 235 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின் வந்தது. பழைய 216 இருந்த இடத்தில் பெரிய வெட்டு, குத்து இல்லாமல் உட்காரும். பானட்டைத் திறந்தாலும் முகம் மாறியிருக்காது.

ஆக, எந்த இன்ஜின் என்பது கடைசிக் கேள்வி. எங்கே போகப் போகிறோம், எவ்வளவு வேகத்தில், எதை ஏற்றிக்கொண்டு? இது முதல் கேள்வி. இரண்டாவது கியர் பாக்ஸ். ஆனால், அதற்கெல்லாம் முன்னால் பணம் வைக்க வேண்டிய இடம் பிரேக். அப்புறம், கழற்றிய பழைய இன்ஜினைக் காயலான் கடையில் போட்டுவிடாமல் தார்ப்பாய் போர்த்தி ஓரமாக வைப்பது நல்லது. என்றைக்காவது ஒரு பேரன், 'தாத்தா ஓட்டின மாதிரியே ஓட்டணும்' என்று வந்து நிற்பான்!