தோட்டத்துக் கேட்டோடு நின்ற பிரதேச சபை



பிரதேச சபையின் வேலைகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். வீதி, வடிகான், குப்பை, தெருவிளக்கு, சந்தை, நூலகம், மயானம். லயத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், எங்க ரோட்டை தொரை தானே போடணும்?"

பிள்ளை சொன்னது பிழையில்லை. கதை பழையது.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆனால் 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டத்தில் குடியிருந்த தொழிலாளிக்கு அந்தச் சபையில் வாக்கில்லை என்றாக்கினார்கள். 1948இல் பிரஜாவுரிமையும் போனது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவாகின. முதல் தேர்தல் 1991இல். அதற்குள் பிரஜாவுரிமை திரும்பக் கிடைத்த தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டார்கள், நம்மவர்கள் உறுப்பினராகவும் வந்தார்கள். ஆனால் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு சபையின் காசைத் தோட்டத்துக்குள் விடவில்லை. லயத்து ரோட்டுக்குப் பணம் கேட்டால், "அது தோட்டக் காணி" என்பதே பதில். வாக்கு எடுக்கலாம், கொங்கிரீட் போட முடியாது! பஸார் வடிகானைத் துப்புரவாக்கச் சொல்லி மனுக் கொடுத்த கடைக்காரர்கள், நாங்களும்தான், மேலே லயத்தை நினைக்கவில்லை.

2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டங்களிலும் சபை வேலை செய்யலாம். காணி இன்னும் கம்பனிகளின் குத்தகையில்தான். அதனால் "தோட்டத்திடம் கேளுங்கள்" என்ற பழைய பதில் இப்போதும் வரலாம்.

அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருமுன், உங்கள் டிவிஷன் ரோட்டுக்கான கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வராதீர்கள். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன்.