எத்தனை நேரம் காத்திருப்பது?
கணிப்பொறி வலைகளில் காலக்கெடுவின் கதை

வெளியூரிலுள்ள ஒருவருக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறோம். ஒரு வாரமாகியும் பதில் இல்லை. கடிதம் வழியில் தொலைந்திருக்கலாம். போய்ச் சேர்ந்தும் அவர் இன்னும் பதில் எழுதாமல் இருக்கலாம். அல்லது, பதில் எழுதி அஞ்சலில் சேர்த்து, அது வழியில் எங்கோ சிக்கியிருக்கலாம். நாம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இம்மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். மீண்டும் எழுதுவதா, இன்னும் பொறுப்பதா?

கணிப்பொறிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இணையத்தளத்தைத் திறக்க முயல்வோர், ‘காலக்கெடு கடந்துவிட்டது’ என்ற அறிவிப்பைக் கண்டு சலிப்படைவது உண்டு. கேட்ட விவரம் வராமல் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்று ஒரு கணிப்பொறி தனக்கு விதித்துக்கொண்ட எல்லையே காலக்கெடு. பார்வைக்குச் சிறியதான இந்த எண்ணைப் பிழையாகக் கணித்ததும் ஒரு காரணமாகி, இணையம் ஒருமுறை ஏறத்தாழ நின்றே போயிற்று. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

ஹவாய்த் தீவுகளில்

1971-ஆம் ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சனும் அவருடைய குழுவினரும் ‘அலோஹா’ என்னும் வலையை இயக்கத் தொடங்கினர். தீவுகளில் இருந்த முனையங்கள் வானொலி அலைகளின் வழியாக மையக் கணிப்பொறியுடன் தொடர்புகொண்டன. அனுப்ப வேண்டிய செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டது. எல்லா முனையங்களும் ஒரே அலைவரிசையில் பேசியதால், இரண்டு பொதிகள் ஒரே நேரத்தில் புறப்பட்டால் ஒன்றோடொன்று மோதி இரண்டுமே பாழாகும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி எளியது. பொதி ஒழுங்காக வந்து சேர்ந்தால் மையம் ஓர் ஒப்புகை அனுப்பும். பதிவு அஞ்சலில் வரும் ஒப்புகை அட்டையைப் போன்றது இது. குறித்த நேரத்திற்குள் ஒப்புகை வராவிட்டால் முனையம் அதே பொதியை மறுபடியும் அனுப்பும். ஆனால் உடனே அனுப்பாது. தற்போக்காகத் தெரிந்தெடுத்த ஒரு நேரம் பொறுத்தே அனுப்பும். மோதிய இரு முனையங்களும் சம நேரம் பொறுத்தால் மறுபடியும் மோதும் அல்லவா? குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடியும் ஒரே பக்கம் ஒதுங்கித் திண்டாடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

இம்முறையில் அலைவரிசையின் திறனில் 18 விழுக்காட்டுக்குமேல் பயன்பெற இயலாது என்று ஆப்ரம்சன் கணக்கிட்டுக் காட்டினார். 1973-இல் ‘ஈதர்நெட்’ வலையை வகுத்த ராபர்ட் மெட்காஃப் இதை மேம்படுத்தினார். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் காத்திருப்பின் எல்லையை இருமடங்காக்குவது அவருடைய வலையின் வழக்கமாயிற்று. நெரிசல் மிகுந்தால் பின்வாங்கு என்னும் இக்கருத்து, நம் கதையில் மீண்டும் வரப்போகிறது.

சராசரியை நம்பிய விதி

1974-இல் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் பல வலைகளை ஒன்றிணைக்கும் நெறிமுறையை வெளியிட்டனர். அது வளர்ந்து ‘டி.சி.பி.’ என்ற பெயரில் 1981 செப்டம்பரில் வரையறுக்கப்பட்டது. 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் ‘ஆர்ப்பாநெட்’ வலை முழுவதும் இந்நெறிமுறைக்கு மாறியது.

ஒரு பொதி போய், அதன் ஒப்புகை திரும்பி வர ஆகும் நேரம் எப்போதும் ஒரே அளவாக இராது. பக்கத்துக் கட்டடத்திற்கு நொடியின் சிறு பகுதி போதும். செயற்கைக்கோள் வழியே சென்றால் கூடுதலாகும். ஆகவே 1981 வரையறை நிலையான காலக்கெடுவை விதிக்கவில்லை. ஒவ்வொரு பொதிக்கும் ஆகும் நேரத்தை அளந்து சராசரியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், அச்சராசரியை 1.3 முதல் 2 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்கி வருவதே காலக்கெடு. பலரும் 2 என்பதையே கொண்டனர். சராசரி 2 நொடி என்றால் 4 நொடி பொறுத்துவிட்டு மறுபடி அனுப்ப வேண்டும். கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றுகிறது.

ஆனால் 1984 ஜனவரியிலேயே ஓர் எச்சரிக்கை வந்தது. ஃபோர்டு விண்வெளி நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் நேகிள், ‘நெரிசல் சரிவு’ என்ற ஆபத்தை எடுத்துரைத்தார். வலையில் திடீரென்று நெரிசல் ஏற்பட்டால் பொதிகள் வழியிலுள்ள கணிப்பொறிகளில் வரிசை கட்டி நிற்கும். தொலையாமல் தாமதமாக வந்துகொண்டிருக்கும் பொதியைத் தொலைந்ததாகக் கருதி, அனுப்பியவர் இன்னொரு படி அனுப்புவார். வரிசை மேலும் நீளும். தாமதம் மேலும் கூடும். முடிவில், வலை சுமப்பவற்றுள் பெரும்பாலானவை ஒரே பொதியின் படிகளாகவே இருக்கும். ஆர்ப்பாநெட்டில் தேவைக்கு மிஞ்சிய திறன் இருந்ததால்தான் அது அதுவரை தப்பியது என்றும் நேகிள் சுட்டிக்காட்டினார்.

1986 அக்டோபர்

எச்சரிக்கை மெய்யாயிற்று. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்திற்கும் இடையே 400 கஜ தூரம்தான். 1986 அக்டோபரில், இவ்விரண்டுக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் அளவில் சென்றுகொண்டிருந்த செய்தி, நொடிக்கு 40 பிட் என்ற அளவுக்கு வீழ்ந்தது. 2,000 எழுத்துகள் கொண்ட ஒரு பக்கத்தை 16,000 பிட் என்று கொள்வோம். அரை நொடியில் போக வேண்டிய அப்பக்கம் 6 நிமிடம் 40 நொடி எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டு நடந்தால் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம்!

இதன் காரணத்தை ஆராயப் புகுந்தார் ஆய்வகத்தைச் சேர்ந்த வேன் ஜேக்கப்சன். பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கேரல்ஸ் அவருடன் இணைந்தார். நெறிமுறையே தவறானதா, அல்லது அதை நிறைவேற்றும் நிரல்கள் தவறாக நடந்துகொள்கின்றனவா என்பதே அவர்கள் முன் நின்ற கேள்வி. பொதிகள் புறப்பட்ட நேரத்தையும் ஒப்புகை வந்த நேரத்தையும் குறித்துப் படம் வரைந்து பார்த்தபோது விடை புலப்பட்டது. ஒரு பிழை, தொடங்கியவுடனேயே பொதிகளை மொத்தமாகக் கொட்டுவது. மற்றொன்று, காலக்கெடுவைக் கணக்கிடும் முறை.

வரிசைகளைப் பற்றிய கணிதம் டென்மார்க்கில் தொலைபேசிப் பொறியாளராகப் பணியாற்றிய ஏ. கே. எர்லாங் என்பவரால் 1909-இல் தொடங்கிவைக்கப்பட்டது. அக்கணிதத்தின் எளிய மாதிரி ஒன்றின்படி, ஒரு பாதையின் திறனில் பாதி பயன்படும்போது பொதிக்கு ஆகும் சராசரி நேரம் வெறும் பாதையில் ஆவதைப்போல் 2 மடங்கு. 75 விழுக்காடு பயன்பட்டால் 4 மடங்கு. 90 விழுக்காட்டில் 10 மடங்கு. சராசரி மட்டுமா கூடுகிறது? ஏற்ற இறக்கமும் அதனுடன் கூடுகிறது. 2-ஆல் பெருக்கும் பழைய விதி சுமார் 30 விழுக்காட்டுச் சுமைவரைதான் தாக்குப்பிடிக்கும் என்று ஜேக்கப்சன் காட்டினார்.

ஆகவே, சராசரியோடு ஏற்ற இறக்கத்தின் அளவையும் கணக்கிடச் சொன்னார் அவர். இன்று வழக்கிலுள்ள விதி, சராசரியுடன் விலகலைப்போல் 4 மடங்கைக் கூட்டச் சொல்கிறது. இரண்டு பாதைகளிலும் சராசரி 2 நொடி என்று கொள்வோம். ஒன்றில் விலகல் 0.1 நொடி; காலக்கெடு 2.4 நொடி. மற்றொன்றில் விலகல் 1 நொடி. காலக்கெடு 6 நொடி. பழைய விதியோ இரண்டுக்கும் 4 நொடி என்றே சொல்லியிருக்கும். அதனால் முதற்பாதையில் வீண் காத்திருப்பு. இரண்டாவதில் வீண் அவசரம்.

இதே காலத்தில் ஃபில் கார்ன், கிரேக் பார்ட்ரிட்ஜ் ஆகியோர் மற்றொரு நுட்பமான பிழையைக் களைந்தனர். ஒரே கடிதத்தை இருமுறை அனுப்பி ஒரு பதில் வந்தால், அது எந்தக் கடிதத்திற்கான பதில்? சொல்ல முடியாது. எனவே மறுபடி அனுப்பிய பொதிகளின் நேரத்தைச் சராசரியில் சேர்க்கவே கூடாது. ஐயமற்ற அளவு கிடைக்கும்வரை இருமடங்காக்கிய காலக்கெடுவையே வைத்திருக்க வேண்டும் என்று 1987-இல் அவர்கள் எழுதினர். கார்ன் வானொலி வழியே பொதிகளை அனுப்பும் ஆர்வலர். பொதிகள் அடிக்கடி தொலையும் அந்த ஊடகமே இப்பிழையை வெளிச்சமிட்டது எனலாம்.

இத்திருத்தங்கள் 1988-இல் பெர்க்லியின் யூனிக்ஸ் மென்பொருளில் இடம்பெற்றுப் பரவின. 1989-இல் இணையத்தில் சேரும் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் இவை கட்டாயமாக்கப்பட்டன.

இணையத்தளங்களில் இன்று

வலைப்பக்கங்களுக்குரிய எச்.டி.டி.பி. நெறிமுறையின் 1.1 பதிப்பு 1997 ஜனவரியில் வெளியாயிற்று. அதில் காலக்கெடுவுக்கென இரண்டு எண்கள் உள்ளன. கேட்பவர் தம் கோரிக்கையை முடிக்கும்வரை பொறுத்துப் பார்த்த சர்வர் தருவது 408. நடுவில் நிற்கும் கணிப்பொறி, தனக்குப் பின்னால் இருப்பதிடமிருந்து விடை வராமல் சலித்துத் தருவது 504. ஆக, 504 என்று நமக்கு அறிவிக்கும் கணிப்பொறி பழுதானது அல்ல. அது செய்தி சொல்லும் தூதுவன் மட்டுமே.

ஓர் இணையத்தளத்தில் உலாவி, இடைநிலைச் சர்வர், பயன்பாட்டு நிரல், தரவுத்தளம் எனப் பல படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு. இடைநிலைச் சர்வராகப் பெரிதும் பயன்படும் ‘என்ஜின்எக்ஸ்’ தானாகக் கொள்வது 60 நொடி. பழுது பார்ப்போர் முதலில் செய்ய முனைவது இந்த 60-ஐ 120 ஆக்குவதுதான். காய்ச்சலுக்கு வெப்பமானியை மாற்றுவது போன்றது இது. தரவுத்தளத்தில் ஒரு தேடல் மெதுவாக நடந்தால், அதற்காகக் காத்து நிற்கும் நிரல்கள் இரட்டிப்பு நேரம் கட்டுண்டு கிடக்கும். புதிதாக வருவோருக்கு இடமின்றிப் போகும். வெளியே இருப்பவர் 30 நொடியில் கைவிட, உள்ளே இருப்பது 60 நொடி உழைத்தால் கடைசி 30 நொடியின் உழைப்பு யாருக்கும் பயனில்லை. உள்ளே செல்லச் செல்லக் காலக்கெடு குறுகிவர வேண்டும்.

சராசரி இங்கும் ஏமாற்றும். ஜெஃப் டீன், லூயி பரோசோ இருவரும் 2013-இல் ஒரு கணக்குத் தந்தனர். ஒரு சர்வர் 100-இல் ஒரு முறை மட்டும் 1 நொடிக்குமேல் தாமதிக்கிறது. அத்தகைய 100 சர்வர்களின் விடைகளைத் திரட்டித்தான் ஒரு பக்கம் உருவாகும் என்றால், 63 விழுக்காடு கோரிக்கைகள் 1 நொடியைத் தாண்டிவிடும்! எனவே ஒவ்வொரு படியிலும் ஆகும் நேரத்தைத் தனித்தனியே அளந்து, வரிசை எங்கே கட்டுகிறது என்று காண்பதே முதல் வேலை.

அடுத்தது, திரும்பக் கேட்பது. விடை வராத பயனர் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துகிறார். 1986-இல் பொதிகள் செய்ததும் இதையேதான். நிரல்களாவது இருமடங்கு இருமடங்காகப் பொறுத்து, சற்றுத் தற்போக்கும் கலந்து கேட்க வேண்டும். அலோஹாவும் ஈதர்நெட்டும் காட்டிய வழி இது. பணம் செலுத்தும் இடத்தில் இன்னும் கவனம் தேவை. கோரிக்கை போய்ச் சேர்ந்து, பணமும் கழிக்கப்பட்டு, விடை மட்டும் தொலைந்திருந்தால்? மறுபடி கேட்டால் இருமுறை பணம் போகும். ஆகையால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் இட்டு அனுப்புகிறார்கள். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய விடையையே தரும்.

விடை வராமைக்குக் காரணம் இன்னதென்று காத்திருப்பவருக்குத் தெரியாது. இந்த அறியாமையை நீக்கும் சூத்திரம் எதுவும் இல்லை. அளந்து பார்ப்பதும், நெரிசலில் பின்வாங்குவதும், இருமுறை கேட்டாலும் கேடு நேராதபடி அமைப்பதுமே மனிதர் கண்டுள்ள வழிகள். இணையத்தளத்தைப் பேணுவோர் காலக்கெடுவின் எண்ணை மாற்றக் கைநீட்டுமுன், பெர்க்லியில் செய்ததுபோல ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.