ஐரின் பெர்னாண்டஸ்

மலேசியாவில் தோட்டப் பெண்களுக்காகவும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகவும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த சமூகப் போராளி (18 ஏப்ரல் 1946 – 31 மார்ச் 2014). கெடாவின் சுங்கை பட்டாணியில் பிறந்தார். பெற்றோர் கேரளத்திலிருந்து வந்தவர்கள். தந்தை ரப்பர் தோட்ட மேற்பார்வையாளர்.

ஆசிரியராகப் பணியாற்றிய ஐரின், 1970இல் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் தொழிலாளர்களைத் திரட்டுவதில் இறங்கினார். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உறுதியான ஒரு வேலையை இருபது வயதுகளில் உதறுவதற்குப் பெரிய துணிவு வேண்டும். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்திலும், வரியில்லா வணிக வட்டாரங்களின் ஆலைப் பெண்களிடையிலும், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும் பணியாற்றினார். பின்னர் அனைத்து மகளிர் செயல் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறக் காரணமான பெண்கள் இயக்கங்களின் நெடிய போராட்டத்தில் அவருக்கும் பங்குண்டு.

1991இல் அவர் தொடங்கிய அமைப்பு தெனாகானித்தா. தோட்டத்துப் பெண்களின் உடல்நலம் அதன் முதல் அக்கறைகளில் ஒன்று.

அந்த அக்கறையின் கனம் வட சிலாங்கூர் மக்களுக்கு விளக்காமலே புரியும். நாட்டிலேயே முதன்முதலில் வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது அங்குள்ள கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில், 1917இல். பிற்காலத்தில் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுத் தோட்டம் தோட்டமாகச் செம்பனை பரவியபோது, நிரைகளில் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. முதுகில் மருந்துத் தொட்டி. பலருக்குக் கையுறையோ முகமூடியோ கிடையாது. அவர்கள் அடித்த பாராகுவாட், உடலுக்குள் போனால் முறிக்க மாற்று மருந்தே இல்லாத நஞ்சு. நகம் கறுத்து உதிர்வதும் மூக்கில் இரத்தம் வடிவதும் தோல் வெந்துபோவதும் தோட்டத்தில் அன்றாடக் கதைகள். தெனாகானித்தாவும், ஐரின் தலைமை ஏற்றிருந்த ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லிச் செயல் வலையமைப்பும் இந்தப் பெண்களிடமே கேட்டறிந்ததை 2002இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டன. அதே ஆண்டு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது, பிறகு பின்வாங்கியது.

இதற்குள் ஐரின் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தார். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றிய ஆய்வுக்காகத் தெனாகானித்தா அவர்களைச் சந்தித்தபோது, தடுப்பு முகாம்களில் இருந்து வந்தவர்கள் வேறொரு கதை சொன்னார்கள்: அரைவயிற்றுச் சோறு, அடி உதை, பாலியல் கொடுமை, பெரிபெரி நோய், சாவு. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்களைத் தொகுத்து 1995இல் மகஜராக வெளியிட்டார். நடந்திருக்க வேண்டியது முகாம்கள்மீது விசாரணை. ஆனால் 1996 மார்ச்சில் கைதானவர் ஐரின். அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின்கீழ், தீய நோக்குடன் பொய்ச் செய்தி வெளியிட்டதாகக் குற்றச்சாட்டு.

மலேசிய வரலாற்றிலேயே மிக நீண்டவற்றுள் ஒன்றான அந்த வழக்கு ஏழாண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2003 அக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை. மேல்முறையீட்டுக்காகப் பிணையில் வெளிவந்தார். ஆனால் தண்டனை பெற்றவர் என்பதால் 2004 பொதுத்தேர்தலில் நிற்க முடியவில்லை. கடப்பிதழும் நீதிமன்றத்தின் பிடியில் இருந்தது. 2005இல் மாற்று நோபல் எனப்படும் சுவீடனின் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோதும் அவர் தண்டனை பெற்ற குற்றவாளியே. 2008 நவம்பர் 24 அன்று உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. விசாரணைப் பதிவேடுகள் சிதைந்தும் குறைபட்டும் இருந்தன. அரசுத் தரப்பும் மறுப்புச் சொல்லவில்லை. பதின்மூன்றாம் ஆண்டில் கிடைத்த விடுதலையிலும், முகாம்களில் நடந்தது என்ன என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. அது இந்த வழக்கின் தீராத குறை.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. அடிபட்டுத் தப்பிவந்த வீட்டுப் பணிப்பெண்களுக்குப் புகலிடம், கொடுக்காத சம்பளத்துக்கு வழக்கு, ஆள்கடத்தலில் சிக்கியவர்களுக்கு மீட்பு என்று தெனாகானித்தாவின் வேலை பெருகிக்கொண்டே போனது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மலேசியா பாதுகாப்பான நாடல்ல என்று 2012இல் இந்தோனேசிய நாளிதழ் ஒன்றிடம் சொன்னதற்காகக் கடும் கண்டனத்துக்கு ஆளானார்.

2014 மார்ச் 31 அன்று, செர்டாங் மருத்துவமனையில் இதயம் செயலிழந்து காலமானார். வயது 67. தெனாகானித்தா இன்றும் இயங்குகிறது. பாராகுவாட்டுக்கான தடை மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.