மூன்று பட்டங்கள், மூன்று பின்கோடுகள்



போன வாரம் பேரனுக்கு ஒரு ஆவணம் தேவைப்பட்டது. பீரோவில் இருந்த பழைய பைலை எடுத்தேன். அதில் மூன்று பட்டச் சான்றிதழ்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அப்பா 1943-இல் பி.ஏ., நான் 1972-இல் பி.ஏ., என் மகன் 2001-இல் பி.எஸ்ஸி. மூவரும் படித்தது பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில்தான். ஆனால் அப்பா சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி, நான் மதுரைப் பல்கலைக்கழகப் பட்டதாரி, மகன் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் பட்டதாரி.

"தாத்தா, காலேஜ் இடம் மாறிடுச்சா?" என்று பேரன் கேட்டான். காலேஜ் அங்கேயேதான்டா இருக்கு, பல்கலைக்கழகம்தான் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தது என்றேன்.

தபால் துறையில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்தவன் நான். எந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலும் பின்கோடுதான் முதலில் மனதில் வரும். சேப்பாக்கம் 600005, மதுரை பல்கலை நகர் 625021, அபிஷேகப்பட்டி 627012. பேரன் செல்போன் மேப்பில் எங்கள் கல்லூரியிலிருந்து மூன்று இடங்களுக்கும் நேர்க்கோட்டுத் தூரம் அளந்து காட்டினான். சுமார் 555 கிலோமீட்டர், 140 கிலோமீட்டர், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அறுபது வருடக் கதை இந்த மூன்று எண்களில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அதனால் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று இருவரும் மேப்பில் புள்ளி வைத்துப் பார்த்தோம்.

பல்கலைக்கழகம் தொடங்கியது 1857 செப்டம்பர் 5. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தது. அதாவது பாடம் நடத்தாது. பாடத்திட்டம் வகுக்கும், பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும். பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. ஒரு வகையில் எங்கள் தலைமைத் தபால் நிலையம் மாதிரிதான். அதனால் அதன் எல்லையைக் கட்டடத்தை வைத்து அளக்க முடியாது. அதன் கேள்வித்தாள் எந்த ஊர் வரைக்கும் போனதோ அதுவே அதன் எல்லை.

முதல் புள்ளியே எங்களை ஆச்சரியப்படுத்தியது. அந்த 1857-இலேயே பி.ஏ. தேறிய முதல் பட்டதாரிகள் இருவர்: சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும். இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள், வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். பின்னால் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தாரே, அதே தாமோதரம் பிள்ளைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் புள்ளிகளைக் கடலுக்கு அப்பால் வைக்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு வடக்கே போனோம். இன்று ஒடிசாவில் இருக்கும் பெர்ஹாம்பூரின் கல்லிக்கோட்டை கல்லூரி, விஜயநகரம், ராஜமுந்திரி, பல்லாரி, பெங்களூர், மங்களூர், பாலக்காடு, எர்ணாகுளம், திருவனந்தபுரம். நிஜாமின் ஆட்சியில் இருந்த ஹைதராபாத் நிஜாம் கல்லூரி கூட 1947 வரை சென்னையோடுதான் இணைந்திருந்தது. பெர்ஹாம்பூரிலிருந்து திருவனந்தபுரம் நேர்க்கோட்டில் 1,400 கிலோமீட்டருக்கு மேல். தபால் கணக்கில் சொன்னால் 5, 6, 7 என்று தொடங்கும் மூன்று மண்டலங்களிலும் கால் வைத்திருந்தது.

பிறகு ஒவ்வொரு பகுதியாகக் கழன்றது. 1916-இல் மைசூர், 1926-இல் ஆந்திரா, 1937-இல் திருவிதாங்கூர், 1954-இல் திருப்பதி. 1929-இல் சிதம்பரத்தில் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வேறு ரகம். அது கல்லூரிகளைச் சேர்த்துக்கொள்ளாமல் ஒரே இடத்தில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாக அமைந்தது. அப்போது மேப்பில் அதற்கு ஒரு புள்ளிதான், பரப்பு இருக்கவில்லை. 1956 மாநிலச் சீரமைப்புக்குப் பிறகு மலபாரும் தென் கன்னடமும் விலகின. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தபோது நம் நெல்லையும் குமரியும் அதில் சேர்ந்தன. 1982-இல் கோவையிலும் திருச்சியிலும் பாரதியார், பாரதிதாசன் பெயர்களில் இரண்டு. 1990-இல் நம்முடையது. 1997-இல் சேலத்தில் பெரியார், 2002-இல் வேலூரில் திருவள்ளுவர். இன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் சென்னையிலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும்தான்.

இந்தக் கணக்கில் நாகர்கோவில்காரர்கள்தான் பாவம். சென்னை, திருவிதாங்கூர், குமரி தமிழகத்தோடு இணைந்தபின் மறுபடியும் சென்னை, அப்புறம் மதுரை, அப்புறம் மனோன்மணியம் சுந்தரனார். அங்குள்ள பழைய கல்லூரி ஓர் அடி கூட நகரவில்லை. எல்லைக்கோடு அதன் தலைக்குமேல் போய் வந்துகொண்டிருந்தது. இன்னொரு பொருத்தம் பாருங்கள். நம் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் பாடம் நடத்திய அந்தக் கல்லூரியும் அப்போது சென்னையின் கீழ்தான்.

சுருங்கிவிட்டதே என்று வருத்தப்படலாமா? அப்பாவை நினைத்தால் எனக்கு வருத்தம் வரவில்லை.

அப்பா தன் பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை. போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி ரயில், கவுன் வாடகை, தங்கும் செலவு. தாத்தாவின் வருமானத்தில் அது நடக்கிற காரியம் இல்லை. 'இன் அப்சென்ஷியா' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டம் தபாலில்தான் வந்தது. செனட் ஹவுஸ் படம் எந்தப் பத்திரிகையில் வந்தாலும் அப்பா சற்று நேரம் பார்ப்பார். "நம்ம யுனிவர்சிட்டி" என்பார். கடைசிவரை அவர் அந்தப் படியேறியதில்லை.

நான் என் புரொவிஷனல் சர்டிபிகேட் விஷயமாக மதுரைக்குப் போனேன். விடியற்காலை பஸ் ஏறி, இரவு வீடு திரும்பினேன். மகன் 2001-இல் அதே காரியத்துக்குக் காலையில் டவுன் பஸ்ஸில் அபிஷேகப்பட்டி போனவன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான். அன்று அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், எழுபத்தொன்பது வயது. "அதுக்குள்ள வந்துட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார். முதல் தடவை ஆச்சரியம். இரண்டாவது தடவை அவர் குரலில் இருந்தது வேறு ஏதோ.

இழப்பும் இல்லாமல் இல்லை. பெர்ஹாம்பூர் பையனும் திருவனந்தபுரத்துப் பையனும் ஒரே பல்கலைக்கழகத்தின் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதிய காலம் போய்விட்டது. அப்பாவுடன் வேலை பார்த்த தெலுங்கர் ஒருவரும் பாலக்காட்டுக்காரர் ஒருவரும் "நாங்க ஒரே யுனிவர்சிட்டி" என்று உரிமையோடு பேசிக்கொள்வதை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். என் மகனுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஆட்கள் மூன்று நான்கு மாவட்டங்களுக்குள்தான். ஆனால் வெறும் பஸ் டிக்கெட் காசில் பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடிகிறதே. திண்ணையில் அப்பா கேட்ட கேள்விக்கு நேராக இதை வைத்துப் பார்த்தால், கோடு சுருங்கியது நல்லதுக்குத்தான் என்றே நினைக்கிறேன்.

பைலை மூடுமுன் அப்பாவின் சான்றிதழை மட்டும் பிளாஸ்டிக் உறையில் தனியாகப் போட்டுவைத்தேன். அடுத்த முறை சென்னை போகும்போது பேரனைக் கூட்டிக்கொண்டு சேப்பாக்கம் போய், செனட் ஹவுஸை அவனுக்குக் காட்ட வேண்டும்.

நீங்களும் உங்கள் வீட்டுப் பைலை எடுத்துப் பாருங்கள். அப்பா, நீங்கள், பிள்ளைகள் என்று எத்தனை பல்கலைக்கழகம், எத்தனை கிலோமீட்டர்? நேரில் பார்க்கும்போது சொல்லுங்கள்.