வீட்டுக் காப்பி வறுவல் அளவீடு

வீட்டுக் காப்பி வறுவல் அளவீடு என்பது, வீட்டில் வறுத்த காப்பிக்கொட்டையின் எடை, வெப்பநிலை, நேரம், நிறம், சுவை ஆகியவற்றை அளந்து ஒவ்வொரு வறுவலுக்கும் பதிவுசெய்யும் முறை. ஒருமுறை கிடைத்த நல்ல சுவையை மீண்டும் பெறுவதே நோக்கம்.

இந்த அளவுகளுள் எளியதும் நம்பகமானதும் எடை இழப்பு. தராசு ஒன்றே போதும். பச்சைக்கொட்டையில் 10 முதல் 12 விழுக்காடு ஈரம் உண்டு. வறுபடும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகும். மெல்லிய தோலும் உதிரும். 250 கிராம் கொட்டை 212 கிராமாகக் குறைந்தால் இழப்பு 15.2 விழுக்காடு, அதாவது நடுத்தர வறுவல். இளவறுவலில் இழப்பு இதைவிடக் குறைவு. கருவறுவலில் 18 விழுக்காட்டைத் தாண்டும்.

கொட்டையின் வெப்பநிலை ஏறத்தாழ 196 முதல் 205 டிகிரி செல்சியஸை எட்டும்போது சோளம் பொரிவதுபோல் முதல் வெடிப்பு கேட்கும். அந்த நிமிடத்தைக் குறிக்காத பதிவு பயன்படாது. வெடிப்பு 8:30 நிமிடத்தில் தொடங்கி, 10:30இல் கொட்டையை இறக்கினால், இடைப்பட்ட வளர்ச்சி நேரம் மொத்த நேரத்தில் ஏறத்தாழ 19 விழுக்காடு. வெப்ப உணரியின் இடத்தைப் பொறுத்து அளவு மாறுவதால், இரு கருவிகளின் எண்களை நேரடியாக ஒப்பிடக்கூடாது.

நிறத்துக்கு அக்ட்ரான் அளவுகோல் வழக்கில் உள்ளது. எண் குறையக் குறைய வறுவலின் கருமை கூடும். ஆர்டிசன் என்னும் கட்டற்ற மென்பொருள் வெப்பநிலையை வரைபடமாகச் சேமிக்கும்.

தமிழ்நாட்டு வீடுகளில் கையால் சுற்றும் உருளையில் வறுத்தவர்கள் மணத்தையும் நிறத்தையுமே அளவாகக் கொண்டனர்.