கிளிமஞ்சாரோவில் யாருடைய கூட்டுறவு?

போன வாரம் கடையில் "கிளிமஞ்சாரோ, சிறு விவசாயிகள் கூட்டுறவு" என்று அட்டை ஒட்டிய காபிப் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்தேன். விலையைப் பார்த்துட்டு வச்சுட்டேன், அது வேற கதை. ஆனால் அந்தக் கூட்டுறவு யாருடையது என்ற கேள்வி வீடு வரை கூடவே வந்தது. தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

தான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் வாழ்பவர்கள் சாகா மக்கள். வீட்டைச் சுற்றி வாழை, அதன் நிழலில் காபி, மலையிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் அங்கே காபியைக் கொண்டுவந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஆட்சி பிரிட்டிஷாரிடம் போனது. மோஷியில் அதிகாரியாக இருந்த சார்லஸ் டண்டாஸ், சாகா மக்களைக் காபி போடச் சொல்லி ஊக்கப்படுத்தினார்.

வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. இவர்கள் தோட்டத்திலிருந்து பூச்சியும் நோயும் பரவும், எங்கள் காபி திருடுபோகும் என்றார்கள். உள்ளுக்குள் இருந்த பயம் வேற: சொந்தமா காபி வச்சிருக்கிறவன் எதுக்கு அடுத்தவன் தோட்டத்துக்குக் கூலிக்கு வரப்போறான்? பக்கத்து கென்யாவில் ஆப்பிரிக்கர்கள் காபி பயிரிடவே தடை இருந்தது. அந்த நிலை இங்கும் வராமல் இருக்க, 1925ல் விவசாயிகள் சங்கம் ஆரம்பித்தார்கள். முன்னால் நின்றவர் ஜோசப் மெரின்யோ. சேர்ந்து மருந்தடிப்பது, சேர்ந்து விற்பது. நோய் பரவும் என்றவர்களுக்கு இதைவிட நல்ல பதில் ஏது?

சங்கம் பலமானதும் அரசுக்கே உறுத்த ஆரம்பித்தது. அதன் இடத்தில் 1933ல் கே.என்.சி.யு. என்ற கூட்டுறவு ஒன்றியம் பதிவானது. மேலாளர் ஒரு வெள்ளையர். காபியை இதன் வழியாகத்தான் விற்கணும் என்ற விதியும் பின்னாலேயே வந்தது. விலை சரிந்தபோது கோபம் யார்மேல் திரும்பும்? 1937ல் விவசாயிகள் தங்கள் பெயரில் இருந்த சங்கத்தின் கிடங்குகளையே தாக்கினார்கள். முன்னின்றவர்களை அரசு ஊரைவிட்டே வெளியேற்றியது.

போருக்குப் பின் விலை ஏறியது, ஒன்றியமும் செழித்தது. சுதந்திரம் வந்த பிறகாவது விட்டார்களா என்றால், இல்லை. 1976ல் நைரேரே அரசு கூட்டுறவு ஒன்றியங்களையே கலைத்தது. 1980களில் திரும்ப வந்தன. 1990களில் தனியார் வியாபாரிகளும் உள்ளே வந்தார்கள். பிறகு சில கிராமச் சங்கங்கள் ஒன்றியத்தை விட்டு விலகி, ஜி32 என்று தனியாகச் சேர்ந்து விற்கத் தொடங்கின.

நான் பார்த்த பொட்டலத்தில் இருந்தது இதில் எந்தக் கூட்டுறவு என்று அட்டையில் போடவில்லை.