மார்கழியில் விதைப்பு, பங்குனியில் விதை: வீட்டுத் தோட்டத்தில் சொந்த விதை எடுக்கும் முறை

வீட்டுத் தோட்டத்தில் சொந்தமாக விதை எடுப்பவர்களில் பலர் ஆடிப்பட்டத்துச் செடியில்தான் விதை எடுக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தில், குறிப்பாக முகையூர், கண்டாச்சிபுரம், அரகண்டநல்லூர் பகுதிகளில், அது பொருத்தமான காலம் அல்ல. ஆடி நடுவில் போட்ட வெண்டை புரட்டாசியில் பூத்துக் காய்த்து, விதைக்காய் காய வேண்டிய நேரம் ஐப்பசியாகிவிடும். நம் பகுதிக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு கிடைப்பது வடகிழக்குப் பருவத்தில்தான். செடியிலேயே காய் பூசணம் பிடிக்கும், விதை கறுக்கும், காராமணி நெற்றுக்குள்ளேயே முளை விடும். தப்பித்து வந்த விதையைக் காயவைக்கவும் வெயில் இருக்காது. அந்த விதை அடுத்த வருடம் பாதிகூட முளைக்காதபோது, 'வீட்டு விதை சரியில்லை' என்று பாக்கெட் விதைக்குப் போய்விடுகிறோம். குறை விதையில் இல்லை, அது முற்றிய மாதத்தில் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு ஆடியில் போடுங்கள். விதைக்கென்று நாலு செடியைக் கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோ போடுங்கள். மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் நிற்கும் நேரம் அது. செடி பனிக்காலத்தில் வளர்ந்து, மாசியில் காய்த்து, பங்குனி வெயிலில் விதை முற்றும். விதைக்குத் தேவை வறண்ட காற்றும் மிதமான வெயிலும். நம் ஊரில் இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது மாசி, பங்குனி மாதங்களில்தான்.

2024-இல் இது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வர, கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. அதன்பின் அந்தப் பக்கம் போயிருந்தபோது ஒரு பாட்டி எனக்குக் காட்டியது, பூசணம் பிடித்துக் கட்டியாகிவிட்ட ஒரு பாட்டில் பீர்க்கன் விதை. அவர் மாமியார் காலத்து விதை அது. நல்லவேளையாக, கல்யாணமாகிப் போன மகளுக்கு முன்பு ஒரு கைப்பிடி கொடுத்திருந்தார். அந்த வீட்டிலிருந்து பத்து விதை திரும்பி வந்து, மார்கழியில் பந்தலடியில் விழுந்தது. எந்த விதையையும் ஒரே வீட்டில் மட்டும் வைக்காதீர்கள் என்று அன்றிலிருந்து போகிற ஊரெல்லாம் சொல்லி வருகிறேன்.

எதை எப்போது போடுவது

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் கார்த்திகைக் கடைசி வாரத்தில் நாற்று விடலாம். தக்காளி நாற்று 25 நாளில் தயாராகும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 முதல் 45 நாள் ஆகும். பனி நாட்களில் முளைப்பு மெதுவாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். நாற்றுப் பாத்தியை வைக்கோலால் மூடி, முளை தெரிந்ததும் மாலையில் எடுத்துவிடுங்கள். தக்காளியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பங்குனிக்கு மேல் வெயில் ஏறினால் பூ உதிரும், காய் பிடிக்காது.

வெண்டை, காராமணி, கொத்தவரையை மார்கழியில் நேரடியாக ஊன்றலாம். வெண்டை விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து ஊன்றினால் சீராக முளைக்கும். பீர்க்கன், புடல், சுரை, பாகல் நான்கையும் மார்கழிக்குள் போட்டுவிடுவது நல்லது. சித்திரை வெயிலில் இவற்றில் ஆண் பூவே அதிகம் வரும். கீரை எப்போதும் வரும். நாலைந்து செடியைப் பறிக்காமல் கதிர் விட வைத்தால் போதும். கதிரை அதிகாலையில், பனி ஈரம் இருக்கும்போது அறுத்தால் விதை கொட்டாது.

அவரை இந்தக் கணக்கில் சேராது. நாட்டுப் பந்தல் அவரை, பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். தையில் போட்டால் கொடி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஆடியிலேயே போடுங்கள். அது மார்கழி, தையில் காய்த்து மாசியில் நெற்றாகும் என்பதால், விதை எடுக்கும் காலம் இதற்கும் தானாகவே சரியாக அமைந்துவிடுகிறது. குத்து அவரைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

எந்த விதையிலிருந்து தொடங்குவது என்பதும் முக்கியம். பாக்கெட்டில் 'எஃப் 1' அல்லது 'வீரிய ஒட்டு' என்று இருந்தால் அதில் விதை எடுத்துப் பயனில்லை. அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாகப் போகும். நாட்டு ரகங்களிலும், பி.கே.எம் 1 தக்காளி, பாலூர் 1 கத்தரி, கே 1 மிளகாய், கோ 1 பீர்க்கன் போன்ற, ஒட்டு அல்லாத பல்கலைக்கழக ரகங்களிலும் தாராளமாக எடுக்கலாம்.

நல்ல காயை விதைக்கு விடுங்கள்

நம் வீடுகளில் விதைக்காய் எப்படி அமைகிறது என்று யோசித்துப் பாருங்கள். நல்ல காயையெல்லாம் குழம்புக்குப் பறித்துவிடுகிறோம். இலை மறைவில் கண்ணில் படாமல் முற்றிப்போன ஒரு வெண்டைக்காய், கடைசியில் காய்த்த கோணல் கத்தரிக்காய், இவைதான் விதைக்கு மிஞ்சுகின்றன. பத்து வருடம் இப்படியே செய்தால், தாமதமாகவும் கோணலாகவும் காய்க்கும் செடியை நாமே தேர்ந்தெடுத்து வளர்த்தது போல ஆகும். 'ரகம் கெட்டுப்போச்சு' என்று சொல்வதில் பாதி இதுதான்.

பூக்கும் பருவத்திலேயே நாலைந்து நல்ல செடிகளில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். சீக்கிரம் காய்த்தது, நோய் இல்லாதது, வீட்டில் எல்லோருக்கும் ருசி பிடித்தது ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் செடிகளில் முதல் இரண்டு மூன்று பறிப்பைச் சமையலுக்கு எடுத்துவிட்டு, நடுப்பருவக் காய்களை விதைக்கு விடுங்கள். ஒரே செடியில் மொத்த விதையையும் எடுக்க வேண்டாம். மிளகாயில் பழ அழுகல் கண்ட செடியையும், கத்தரியில் காயில் வட்ட வட்டமாகப் பழுப்பு அழுகல் வந்த செடியையும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் இந்த நோய்கள் விதை வழியாகவே அடுத்த வருடம் வரும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் அப்படி அல்ல, வெள்ளை ஈயால் பரவுவது. ஆனாலும் அந்தச் செடியின் காய் திரண்டு வராது என்பதால் விதைக்கு வேண்டாம்.

அடுத்தது கலப்பு. தக்காளியும் காராமணியும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, சற்றுத் தள்ளி நட்டாலே போதும். கத்தரி, மிளகாய், வெண்டையில் தேனீயால் ஓரளவு கலப்பு வரும். மறுநாள் மலரப் போகும் மொட்டை மாலையில் மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காம்பில் நூல் கட்டி வைத்தால் அது சுத்தமான விதை.

கொடிக் காய்கறிகளில் கவனம் இன்னும் வேண்டும். விதைப் பண்ணைகளில் சுரைக்கும் பீர்க்கனுக்கும் அரை கிலோமீட்டர் இடைவெளி கேட்பார்கள். வீட்டில் அது நடக்காது, கையால் சேர்க்கைதான் வழி. சுரை, பீர்க்கன், புடல் மாலையில் மலரும். பரங்கியும் பாகலும் அதிகாலையில். மலரும் முன்பே ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டையும் நூலால் கட்டி, மலரும் நேரத்தில் அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மறுபடி பெண் பூவைக் கட்டிவிடுங்கள். காம்புக்குக் கீழே பிஞ்சு இருப்பது பெண் பூ. ஐந்து நிமிட வேலை. வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நம்மைவிடப் பொறுமையாகச் செய்வார்கள்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. வேலியில் தானாக வளரும் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு ஆகியவற்றின் மகரந்தம் வந்து சேர்ந்தால், இந்த வருடம் காயில் எதுவும் தெரியாது. அடுத்த வருடம் அந்த விதையில் வரும் கொடி கசக்கும். சுரையில் கடும் கசப்பு என்பது நச்சு. வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி வரை கொண்டுபோகும், உயிரிழப்பும் நடந்திருக்கிறது. சொந்த விதையில் வளர்த்த ஒவ்வொரு சுரைக் கொடியிலும் முதல் பிஞ்சில் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் கொடியையே பிடுங்கி எறியுங்கள். காயைச் சமைக்கவோ சாறு எடுக்கவோ கூடாது.

விதை பிரித்தல்

தக்காளியை நன்றாகச் செங்கனியாக விட்டுப் பறித்து, விதைச் சாற்றை ஒரு பாத்திரத்தில் பிழிந்து, தண்ணீர் சேர்க்காமல் ஒரு நாள் புளிக்க விடுங்கள். குளிர் இருந்தால் இரண்டு நாள். மேலே நுரை கட்டும், விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு விடும். பிறகு தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும். மிதப்பதைக் கொட்டிவிடலாம். இரண்டு நாளுக்கு மேல் விட்டால் விதை முளைக்கத் தொடங்கிவிடும்.

கத்தரி மஞ்சளாகப் பழுக்கும் வரை செடியில் இருக்க வேண்டும். நசுக்கித் தண்ணீரில் அலசி, அடியில் தங்கும் விதையை எடுங்கள். மிளகாய் முழுதும் சிவந்த பிறகு பறித்து, காயவைத்து, கையில் துணி சுற்றிக்கொண்டு பிரியுங்கள். வெண்டைக்காய் பழுப்பாகி, விளிம்பில் மெல்லிய வெடிப்பு தெரியும்போது பறிக்க வேண்டும், ஒரு வாரம் தாமதித்தால் விதை மண்ணில் சிந்திவிடும். புடலையும் பாகலையும் பழமாகச் சிவக்க விட்டு, சதையை அலசி எடுங்கள்.

பீர்க்கனையும் சுரையையும் கொடியிலேயே காய விடுங்கள். காய்ந்த பீர்க்கங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். விதை எடுப்பவர்களுக்கு அந்தச் சத்தத்தைவிடப் பெரிய சந்தோஷம் வேறில்லை. நுனி மூடியைத் திறந்து கொட்டிக்கொண்டால், மிஞ்சும் நார்க்கூடு உடம்பு தேய்த்துக் குளிக்க ஆகும்.

காயவைப்பதும் காப்பதும்

ஈர விதையை முதல் நாள் நிழலில் உலர்த்துங்கள். பிறகு காலை 8 முதல் 12 மணி வரை, மாலை 3 மணிக்கு மேல் என்று வெயிலில் வைக்கலாம். உச்சி வெயில் விதையின் உயிரைக் கெடுக்கும். பங்குனியில் சிமெண்ட் தளத்திலும் தட்டிலும் நேராகக் கொட்டாமல் முறத்திலோ பழைய வேட்டியிலோ பரப்புங்கள். காய்கறி விதைக்கு ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டில் கருவி கிடையாது. சுரை விதையை வளைத்தால் வளையாமல் ஒடிய வேண்டும், காராமணியைப் பல்லால் கடித்தால் பதியாமல் நறுக்கென்று உடைய வேண்டும், அதுதான் பதம். ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை அறிவியலில் பொதுவான கணக்கு. அதனால் கூடுதலாக இரண்டு நாள் காயவைப்பது வீண் போகாது.

காராமணி, அவரை விதையில் பயறு வண்டு, காய் செடியில் இருக்கும்போதே முட்டையிட்டுவிடும். கிலோவுக்கு 10 கிராம் வசம்புத் தூள் கலந்து வைத்தால் கட்டுப்படும். பழைய முறையில் செம்மண் பூசிக் காயவைப்பதும் நல்லதுதான். சுரை, பரங்கி விதையை வரட்டியில் பதித்துச் சுவரில் அடித்து வைத்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. கண்ணாடிப் பாட்டில் என்றால், வறுத்து ஆறவைத்த அரிசியைச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டி உள்ளே போடுங்கள், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பாட்டிலில் ரகம், எடுத்த மாதம், யார் வீட்டு விதை என்று எழுதி ஒட்டுங்கள். இப்படி வைத்தால் தக்காளியும் கத்தரியும் மூன்று வருடம் தாங்கும். வெண்டையையும் மிளகாயையும் இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

ஒரு பங்கை வேறு ஊரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் வையுங்கள், வெள்ளம் எட்டாத மேட்டு வீடாக இருந்தால் இன்னும் நல்லது. திருத்துறைப்பூண்டி அருகே கட்டிமேட்டில் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல் விதையை 2 கிலோ கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாக வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பார். அவர் 2018-இல் மறைந்த பிறகும் அந்த நெல் ரகங்கள் வயல்களில் இருப்பதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். மகளிர் குழுக்கள் காய்கறி விதைக்கும் இதையே செய்யலாம், பத்து விதை கொடுத்து இருபது வாங்குங்கள். சட்டச் சிக்கல் வருமோ என்று சிலர் கேட்கிறார்கள். பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-இன் 39-ஆவது பிரிவு, விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்கவும்கூட விவசாயிக்கு உரிமை தருகிறது. கம்பெனிப் பெயர் போட்டுப் பாக்கெட்டாக விற்பதற்குத்தான் தடை.

புதிதாக எடுத்த கத்தரி, பாகல் விதைக்குச் சில வாரம் உறக்கநிலை உண்டு. எடுத்த உடனே போட்டுப் பார்த்து முளைக்கவில்லை என்று கொட்டிவிடாதீர்கள். விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு, 20 விதையை ஈரத் துணியில் சுருட்டி, துணி காயாமல் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். 14-க்கு மேல் முளைத்தால் வழக்கமான அளவு போதும். 10 முளைத்தால் குழிக்கு இரண்டு மடங்கு ஊன்றுங்கள். 5-க்கும் கீழே போனால், உங்களிடம் விதை வாங்கிப் போனவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான். போட எடுத்த விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்ற கணக்கில், ஆறிய கஞ்சி சிறிது தெளித்துப் பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே ஊன்றிவிடுங்கள். ஒரு கைப்பிடி விதைக்கு இரண்டு விரல் சிட்டிகை போதும்.